லட்டு கக்கிய மூன்று எலிகள்

நாய் வாந்தி, பூனை வாந்தி, பாம்பு வாந்தி என்று இருபத்தொன்பது வருஷம் துடைத்துப் போட்ட கை இது. ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிறது. இப்போது போய், "ரோஸ்லின் ஆன்ட்டி, பாம்பு கேஸ் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதிக் குடுங்க" என்று கேட்கிறார்கள், செம்பூர் கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பெண் டாக்டர்கள். கம்ப்யூட்டரில் புதுப் படிவம் ஒன்று தயாராகிறதாம். பாம்பு வளர்க்கிறவர்கள் வீட்டிலிருந்தே போனில் டிக் அடித்து அனுப்பிவிடலாமாம். எனக்கும் காட்டினார்கள். இருபத்திரண்டு கேள்விகள். நல்ல கேள்விகள்தான். ஆனால் ஒரு கேள்வி அதில் இல்லை. அது ஏன் வேண்டும் என்று வாயால் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். அதனால் எழுதுகிறேன். இரண்டு பேருக்கும் தமிழ் பேச வரும், வாசிக்கத் திணறும். யாரையாவது பிடித்து வாசித்துக் கேட்டுக்கொள்ளட்டும்.

நான் தாராவிக்காரி. அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பத்தாம் வகுப்பு முடித்திருந்தேன். கிளினிக்கில் தரை துடைக்கத்தான் சேர்ந்தேன். துடைப்பத்திலிருந்து பஞ்சு, பஞ்சிலிருந்து சிரிஞ்சு என்று ஏழெட்டு வருஷத்தில் டாக்டரின் வலது கை ஆனேன். அந்த ஏழெட்டு வருஷத்தில் எழுத ஒன்றும் இல்லை. நாய் கடித்தது, பூனை பிறாண்டியது, அவ்வளவுதான்.

டாக்டர் சேஷாத்ரி மாட்டுங்காக்காரர். கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதைதான் கூடும். சாதாரணமாக "ரோஸ்லின், எடை பாருங்கோ" என்பார். நான் ஏதாவது சொதப்பிவிட்டால், "ரோஸ்லின் அவர்களே, தயவு பண்ணி எடையைப் பார்க்கிறேளா" என்பார். அந்த 'அவர்களே' காதில் விழுந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

கிளினிக்குக்கு முதல் பாம்பு ஒரு தலையணை உறைக்குள் வந்தது. கோபர்கைரனேயிலிருந்து ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாராம் ஒருவர். ஏவாள் கதையை ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்டு வளர்ந்தவள் நான். உறை அசைந்ததும் மருந்து அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். டாக்டர் என்னைக் கூப்பிடவும் இல்லை, திட்டவும் இல்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். சோப்புப் போட்டுக் கை கழுவினார். கையில் எலி வாசனை இருந்தால் பாம்பு கவ்வும், சென்ட் வாசனை இருந்தால் மிரளும் என்று தனக்குத் தானே சொல்வதுபோல எனக்குச் சொன்னார். பிறகு உறையைத் திறந்து, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம். பாம்பு அவர் மணிக்கட்டைச் சுற்றி அடங்கிய பிறகுதான் வாயைத் திறந்து பார்த்தார். அன்றைக்குச் சாயங்காலம் நான் அந்தப் பாம்பைத் தொட்டேன். ஈரமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை, காய்ந்து வழுவழுவென்று இருந்தது. சட்டென்று பிடித்துப்போயிற்று.

ஒன்று சொல்லிவிடுகிறேன். சாரை, நல்ல பாம்பு என்று நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்கக் கூடாது, சட்டப்படி குற்றம். அப்படி யாராவது தூக்கிக்கொண்டு வந்தால் டாக்டர் முதல் வேலையாக வனத்துறைக்குப் போன் போடுவார். எங்களிடம் வந்தவை வெளிநாட்டு இனங்கள், பதிவுக் காகிதம் உள்ளவை. பெரும்பாலும் பால் பைத்தான் என்கிற குட்டை மலைப்பாம்பு. பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும், கடிக்காது.

பாம்பு இரையைக் கக்கிவிட்டது என்று யார் வந்தாலும் டாக்டருக்கு மூன்று கேள்விகள். எப்போ கொடுத்தேள், எப்போ வந்தது, வந்தது எங்கே. மூன்றாவதில்தான் எல்லோரும் மாட்டுவார்கள். "சீ, அதைக் குப்பையில போட்டுட்டோம் டாக்டர்" என்பார்கள். ஒரு வங்கி மேனேஜரை, கோட்டு சூட்டோடு, குப்பைத் தொட்டியைக் கிளறி எடுத்துவரச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார். எடுத்துக்கொண்டு வந்தாரே அந்த மனிதர்! வந்ததை ட்ரேயில் வைத்து, டாக்டரும் நானும் குனிந்து மோந்து பார்ப்போம். எலி முழு உருவமாக, மேலே கோழை சுற்றி இருந்தால் செரிக்கத் தொடங்கவே இல்லை என்று அர்த்தம். தின்ற பிறகு யாராவது கையில் எடுத்திருப்பார்கள், அல்லது பெட்டியில் சூடு போதாது, அல்லது இரை பெரிது. பாம்புக்கு உடம்பில் சொந்தச் சூடு கிடையாது. வெளியே கதகதப்பு இருந்தால்தான் உள்ளே செரிக்கும். அது இல்லாவிட்டால் எலி வயிற்றிலேயே அழுகும், பாம்பு அதை வெளியே தள்ளித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். பாதி கரைந்து, நாற்றம் குடலைப் புரட்டும்படி வந்தால் அது வேறு கதை, உள்ளே நோய் இருக்கலாம்.

வைத்தியத்தில் பாதி பட்டினிதான். ஒரு தடவை கக்கினால் வயிற்று அமிலம் எல்லாம் போய்விடும், மறுபடி ஊற நாளாகும். பதினைந்து நாள் தண்ணீர் மட்டும். அப்புறம் பாதி அளவு இரை. பாம்புக்காரர்களுக்கு இது பொறுக்காது. "பாவம் டாக்டர், பசிக்குமே" என்று மறுநாளே இன்னொரு எலியை நீட்டுவார்கள். அதுவும் வெளியே வரும். பசியால் செத்த பாம்பை நான் பார்த்ததில்லை, பாசத்தால் செத்ததைப் பார்த்திருக்கிறேன்.

தேவ்நாரில் ஒரு வீட்டில் மூன்று பாம்புகள் இருந்தன. முதல் பாம்பு மாதக்கணக்கில் கக்கிக்கொண்டே இருந்தது. நடு உடம்பில் ஒரு தடிப்பு. இரைப்பைச் சுவரைத் தடிக்க வைக்கும் ஒரு கிருமி, கிரிப்டோ என்று சுருக்கிச் சொல்வோம். மருந்து கிடையாது. பினாயிலுக்கும் சாகாது. தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றி வைத்தாலே ஒட்டிக்கொள்ளும். நாங்கள் கண்டுபிடிப்பதற்குள் மற்ற இரண்டுக்கும் பரவிவிட்டது. மூன்றையும் ஒரே மாதத்தில் ஊசி போட்டுத் தூங்க வைத்தார் டாக்டர். மூன்றாவது முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு, கக்குகிற பாம்பு எது வந்தாலும் அவர் விரல் முதலில் நடு உடம்பைத்தான் தடவும். எனக்கும் அந்தப் பயம் ஒட்டிக்கொண்டது.

இனி லட்டு.

லட்டு ஒரு பெண் பால் பைத்தான். பழுப்பும் மஞ்சளுமாக இருக்கும், சுருண்டால் பெயருக்கு ஏற்ற மாதிரிதான் இருக்கும். வளர்த்தவர் மைதீன் பாய். கடையநல்லூர்க்காரர், தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறார். என் வீட்டிலிருந்து ஐந்து சந்து தள்ளி. கீழே பட்டறை, மேலே குடித்தனம், சந்துப் பக்கமாகச் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. தோல் பட்டறைக்காரர் பாம்பு வளர்க்கிறார் என்றதும் நானே கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்த்தேன். கதை அப்புறம்தான் தெரிந்தது. பாய்க்கு இருதய ஆபரேஷன் ஆகி ஆறு மாதம் மேலே படுத்துக் கிடந்திருக்கிறார். கனம் தூக்கக் கூடாது, மெஷின் மிதிக்கக் கூடாது. பேச்சே நின்றுபோய், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதரிடம், வெளிநாட்டுக்குக் குடிபோன ஒரு பை வியாபாரி காகிதங்களோடு இந்தப் பாம்பை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். பாய் அதைப் பார்க்கத் தொடங்கினார். பிறகு அதைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பிறகு பட்டறைக்கு இறங்கினார்.

அவர் லட்டுவை முதலில் கொண்டுவந்தது நவம்பரில். மூக்கில் குமிழ், மூச்சு விடும்போது சீட்டி மாதிரிச் சத்தம், வாயைத் திறந்து தலையை உயர்த்தி வைத்திருந்தது. நெஞ்சில் சளி. மூன்று நாளைக்கு ஓர் ஊசி வீதம் ஏழு ஊசி. பாம்புக்கு ஊசியை உடம்பின் முன்பாதியில்தான் போட வேண்டும். பின்பாதியில் போட்டால் மருந்து சிறுநீரகம் வழியாக வீணாகிப் போய்விடும். நான் பிடிக்க, டாக்டர் செதிலுக்கு நடுவே சாய்வாக ஏற்றுவார். பாய் ஒவ்வொரு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தோல் வெட்டுகிற கை, ஊசியைப் பார்க்க முடியவில்லை.

மூன்றாவது ஊசியன்று டாக்டர் என்னிடம், "அவா ஆத்திலே புகை கூடாதுன்னு சொல்லிடுங்கோ" என்றார். பாய் அதற்குள் பஸ் ஏறிவிட்டார். வீட்டுக்குப் போன் போட்டேன், அவர் மனைவி ஜுலைகா எடுத்தாள். மேஜை மேல் ஒரு லாப்ரடார், வாயில் துணி கட்டாமல் நிற்கிறது. அவசரத்தில், "எம்மா, பாம்பு இருக்குற ரூம்ல புகையே கூடாது. கொசுவத்தி, ஊதுபத்தி, சாம்பிராணி ஒண்ணும் ஆகாது, கேட்டியா?" என்றேன். "சரிக்கா" என்றாள். வைத்துவிட்டேன். அரை நிமிஷம்கூட இருக்காது அந்தப் பேச்சு.

சளி சரியாயிற்று. டிசம்பரில் முதல் எலி. எங்கள் கிளினிக்குக்கு உறைந்த எலிப் பாக்கெட் வருவது புதன்கிழமை. ஜுலைகா ஒரு விஷயத்தில் கறார். "கறி வைக்குற ஃப்ரிட்ஜ்ல எலியா? அல்லாவே, நான் வீட்ட விட்டே போயிருதேன்" என்று சொல்லிவிட்டாள். அதனால் புதன்கிழமை சாயங்காலம் நானே வீட்டுக்குப் போகிற வழியில் பட்டறையில் கொடுத்துவிடுவேன், அன்றைக்கே உருக்கி அன்றைக்கே கொடுத்துவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் எலி பெட்டியில் கிடந்தது. முழு உருவம், கோழை சுற்றி. பாய் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுப் பத்திரமாகக் கொண்டுவந்தார். டாக்டர் கேட்டார், "தின்ன அப்புறம் கையிலே எடுத்தேளா?"

"தொடவே இல்ல சார். நீங்க சொன்னது எனக்கு வேதவாக்கு."

"சூடு?"

"காலையில பாத்தேன். முப்பத்தொண்ணு இருக்கு."

நோயிலிருந்து எழுந்த உடம்பு, முதல் இரை தங்காதது அதிசயமில்லை என்றார் டாக்டர். பதினைந்து நாள் பட்டினி. பிறகு பாதி அளவு எலி. வெள்ளிக்கிழமை அதுவும் வெளியே. மறுபடி பட்டினி. அப்புறம் கட்டைவிரல் அளவு குட்டி எலி. அதுவும் தங்கவில்லை. ஆயிரத்து இருநூற்று நாற்பது கிராம் இருந்தவள் தொள்ளாயிரத்து எண்பதுக்கு வந்துவிட்டாள். முதுகெலும்பு மேடு தட்டி, தோல் பக்கவாட்டில் மடிந்தது. கிரிப்டோவுக்கு மலம் சோதித்தோம், இல்லை என்று வந்தது. ஆனால் ஒரு சோதனையை நம்ப முடியாது, அந்தக் கிருமி ஒரு நாள் தெரியும், ஒரு நாள் ஒளியும். அடுத்த சோதனைக்கு மலம் வேண்டும், தின்றது தங்கினால்தானே மலம்?

டாக்டர் விரல் நடு உடம்பில் போய் நின்றது. மேலும் கீழும் தடவினார். என்னையும் தடவச் சொன்னார். லேசாகக் கனமாக இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. கண்ணாடியைக் கழற்றினார்.

"பாய், இன்னும் ஒரே ஒரு இரை குடுத்துப் பார்க்கலாம். அதையும் கக்கினா, அதைக் கஷ்டப்படுத்திண்டு வெச்சிருக்கறது நியாயமில்லை. கூட்டிண்டு வந்துடுங்கோ."

பாய் பெட்டி மூடியை அழுத்திச் சாத்தினார். பெட்டியைத் தூக்கப் போனவரிடம், "நீங்க கனம் தூக்கக் கூடாது" என்று நான் வாங்கி ஆட்டோவில் வைத்தேன். ஆட்டோ கிளம்புகிறவரை லட்டுவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினைந்து நாள் கழித்து அந்தப் புதன்கிழமை வந்தது. டாக்டர் எலிப் பாக்கெட்டோடு ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரும் கொடுத்தார். அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்கிற சாதனம். "பெட்டிக்குள்ளே வெச்சுட்டு வந்து, நாளைக்குச் சாயங்காலம் நீங்களே படிச்சுச் சொல்லுங்கோ" என்றார். அதற்குமுன் ஒரு தடவைகூட நான் அந்த ஏணி ஏறியதில்லை. எலியைக் கீழேயே நீட்டிவிட்டுப் போய்விடுவேன். அன்றைக்கு ஏறினேன். சுத்தமான அறை. ஜன்னலோரம் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பெட்டி, அடியில் சூடு மெத்தை, பின்னால் பிளக். தெர்மாமீட்டரை உள்ளே வைத்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஜுலைகா ஏணி வரை வந்து மெதுவாகச் சொன்னாள். "அக்கா, எனக்குப் பாம்பு பெருசில்ல. முதல்ல அதப் பாத்தாலே நடுங்குவேன். இப்பமும் தொட மாட்டேன். ஆனா இது போச்சுன்னா அவுக மறுபடியும் அந்த மூலையில உக்காந்துருவாகளோன்னுதான் பயமா இருக்கு. ரெண்டு வாரமாவே சரியாப் பேசல."

"பாப்போம்" என்று டாக்டர் மாதிரியே சொல்லிவிட்டு இறங்கினேன்.

மறுநாள் வியாழன். பஸ் சயன் சிக்னலில் நின்று நின்று வந்தது. சந்துக்குள் நுழையும்போது மஃரிபு என்கிற அந்தித் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. பட்டறையில் மூன்று மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தரையே அதிர்ந்தது. அண்ணாந்து பார்க்கிறேன். ஜுலைகா முதுகைக் காட்டிக்கொண்டு ஏணியில் இறங்குகிறாள், லட்டு இருக்கிற பெட்டியை ஒரு பக்கமாக இடுப்பில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு. பெட்டிக்குள் லட்டு கீழ் மூலைக்குச் சரிந்து, நடுவில் புடைத்த வயிற்றோடு, எதிலாவது பிடித்துக்கொள்ள வழி தேடிக்கொண்டிருந்தது.

"ஏட்டி, நில்லு" என்றேன். "அங்கனயே நில்லு. அசையாத."

மூன்று படி ஏறிப் பெட்டியின் அடியை இரண்டு கையாலும் தாங்கினேன். தட்டை ஏந்துகிற மாதிரி சமமாகப் பிடித்துக்கொண்டு, அவள் வந்த வழியே ஏற, நான் கீழிருந்து தூக்க, ஒவ்வொரு படியாக மேலே கொண்டுபோய் வைத்தோம். பிளக்கை மாட்டினேன். தெர்மாமீட்டரில் சூடு அப்போதே இறங்கத் தொடங்கியிருந்தது. அறை மூலையில் தணல் போட்ட தூபக்கால், பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சாம்பிராணித் தூள்.

"எதுக்குட்டி இத இறக்குத?"

அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "நீங்கதானக்கா போன்ல சொன்னிய? புகை ஆகாதுன்னு. வியாழக்கிழமைதோறும் சாம்பிராணி போடுவேன்லா. அவுக ஆபரேஷன் அன்னைக்கு நேந்துக்கிட்டது, ஒரு வாரம் விட்டதில்ல. அதான் பெட்டிய கீழ கொண்டு வச்சிருவேன். புகை போனப்புறம் மேல ஏத்திருவேன்."

"எத்தன நாளா?"

"நீங்க சொன்னதுல இருந்துதான்."

"பாய்க்குத் தெரியுமா?"

"அவுக வியாழக்கிழம மஃரிபுக்குப் போனா ராத்திரி இஷா தொழுகை முடிச்சுத்தான் வருவாவ. அதுக்குள்ள மேல வச்சிருவேன். இதெல்லாம் போயி சொல்லணுமாக்கா? கனம் தூக்கவும் கூடாது அவுக. பாம்ப நான் கையால தொட்டதே இல்ல. பெட்டியோடதான தூக்குதேன்."

விரல் விட்டு எண்ணினேன். புதன்கிழமை இரை, வியாழக்கிழமை இறக்கம், வெள்ளிக்கிழமை வாந்தி. கேஸ் பேப்பரில் மூன்று தடவையும் 'உணவுக்குப் பின் முப்பத்தாறு மணி நேரம்' என்று என் கையெழுத்தில்தான் இருக்கிறது. மணியை எண்ணினோம், கிழமையை யாரும் பார்க்கவில்லை. நிறைந்த வயிற்றோடு தலைகீழாகச் சரித்து, சூட்டைப் பிடுங்கி, குளிர்காலத்துச் சிமெண்டுத் தரையில், மூன்று மெஷினின் அதிர்ச்சிக்கு நடுவே ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்தால் எந்தப் பாம்புதான் கக்காது? டாக்டர் கேட்ட கேள்விக்கு எல்லாம் பாய் உண்மையைத்தான் சொன்னார். அவருக்குத் தெரிந்த உண்மை. தெரிந்தவளை நாங்கள் யாரும் கேட்கவில்லை. கிளினிக்குக்கு வருகிறவர் பாய், ஆகவே பாம்பைப் பார்த்துக்கொள்பவரும் அவர்தான் என்று முடிவு கட்டிவிட்டோம்.

ஜுலைகாவின் முகம் வெளுத்துவிட்டது. "நான்தான் கொன்னுட்டேனாக்கா?"

"நீ இல்லட்டி. புகை கூடாதுன்னு சொன்னவ, வேற என்ன செய்யணும்னு சொல்லாம போன வச்சவ நானு."

அன்றைக்கு அவள் தூபக்காலைத் தூக்கிக்கொண்டு கீழே பட்டறைக்குப் போய்ப் புகை போட்டாள். பையன்கள் மெஷினை நிறுத்திவிட்டு இருமினார்கள். நான் லட்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஏணியில் பாதி தூரம் சரிந்துவிட்டதே, இனி தங்குமா தங்காதா என்று யாருக்குத் தெரியும்? ஜெபமாலை பையில் இருந்தது. ஒரு பாம்புக்காக ஜெபமாலை உருட்டியதை எங்கள் பங்குச் சாமியாரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பாயின் போன் வரவில்லை. கிளினிக்கில் டாக்டர் வந்து கடிகாரத்தைக் கழற்றியதும், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நான் போனில் பேசிய வார்த்தைகளையும் ஒன்று விடாமல் சொன்னேன். 'அவர்களே' வரும் என்று காத்திருந்தேன். அவர் லட்டுவின் கேஸ் பேப்பரை எடுத்து, மூன்று தேதியிலும் விரலை வைத்துப் பார்த்தார்.

"நீங்க சொன்னது தப்பில்லை, ரோஸ்லின். புகை கூடாதுதான். அரை குறையாச் சொன்னது தப்பு. நான் கேட்டதும் அரை குறைதான். கையிலே எடுத்தேளான்னு கேட்டேன். பெட்டி எங்கேயாவது போறதான்னு கேக்கலை." பென்சிலை எடுத்து, பேப்பரின் தலைப்பில், தன் மூன்று கேள்விக்கும் மேலே எழுதினார். வீட்டில் யார் யார் பார்த்துக்கொள்கிறார்கள், அவர்கள் ஒவ்வொருவரையும் கேட்டாயிற்றா. எழுதி அடியில் கோடு போட்டார். "இன்னும் ஒரு விஷயம். அந்தப் பாம்பைத் தூங்க வைக்க ஊசி ரெடி பண்ணச் சொல்லியிருந்தேனே, அந்த மருந்தை உள்ளே வெச்சுடுங்கோ."

நான் அதை வைத்துவிட்டு, கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஆனால் கக்காமல் இருப்பது மட்டும் போதாது. தின்றது செரித்து வெளியே போக வேண்டும், அப்போதுதான் வயிறு வேலை செய்கிறது என்று நம்பலாம். சனி போனது. ஞாயிறு பூசையில் என் மனம் ஒட்டவில்லை. திங்கள், செவ்வாய். பாய் தினமும் காலையில் ஒரே வரியில் போன் பண்ணுவார். "இருக்குக்கா, உள்ளதான் இருக்கு." புடைப்பு கரைந்துவிட்டது என்றார் ஒரு நாள். பெட்டிக்குள் கிண்ணத்துத் தண்ணீர் கொஞ்சம் சிந்தினால்கூட எனக்குப் போன் வந்தது. பேசாத மனிதர் பேசத் தொடங்கியிருந்தார்.

பத்தாவது நாள் காலை பதினொரு மணிக்கு, கிளினிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஜுலைகா வந்தாள். அந்த நான்கு மாதத்தில் அவள் கிளினிக்குக்கு வந்தது அதுதான் முதல் தடவை. புர்காவுக்குள் மறைத்து எதையோ மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். பேரீச்சம்பழ டப்பா. வரிசையில் உட்கார்ந்திருந்த நாய்க்காரர்கள், பூனைக்காரர்கள் எல்லாரையும் தாண்டி நேரே மேஜைக்கு வந்து, டாக்டர் முன்னால் திறந்து வைத்தாள். நாற்றம் அறையெல்லாம் பரவியது. ஒரு பொமரேனியன் தும்மியது.

"சார், இது நல்லதா கெட்டதா? அவுகளுக்குக் கை ஓடல, என்னப் போன்னுட்டாவ. நானேதான் அள்ளுனேன்."

டாக்டர் குச்சியால் கிளறினார். கறுப்பாக, கெட்டியாக, உள்ளே எலி மயிர் சுருண்டிருந்தது. பக்கத்தில் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளை உப்பு. குனிந்து மோந்தார். எனக்கு நகர்த்தினார், நானும் மோந்தேன். இருபத்தொன்பது வருஷத்தில் அவ்வளவு நல்ல வாசனையை நான் மோந்ததில்லை.

"ரொம்ப நல்லது, அம்மா" என்றார் டாக்டர். "முழுசாச் செரிச்சிருக்கு."

ஜுலைகா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். டப்பாவில் இருந்ததைச் சோதனைக்கு அனுப்பினோம். கிரிப்டோ இல்லை. அடுத்த இரையும் தங்கியது, அந்த மலத்திலும் இல்லை. அதற்குப் பிறகுதான் டாக்டர் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மழை தொடங்கும்போது லட்டு ஆயிரத்து இருநூறைத் தொட்டுவிட்டாள். பாய் ஒரு தோல் கைப்பை தைத்துக் கொண்டுவந்தார் எனக்கு. பாம்புத் தோல் மாதிரி அச்சு வேண்டுமா என்று கேட்டானாம் பட்டறைப் பையன் ஒருவன், அடி விழாத குறை.

ஆகவே, டாக்டரம்மாக்களே, உங்கள் படிவத்தில் இருபத்துமூன்றாவதாக, இல்லை, முதலாவதாக இதைப் போடுங்கள். 'வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? அவரிடம் போனைக் கொடுங்கள்.' இதற்கு டிக் அடிக்கிற கட்டம் வைக்காதீர்கள். நீங்களே பேசுங்கள். இன்னது கூடாது என்று சொன்னால், அதற்குப் பதில் என்ன செய்வார்கள் என்று அவர்கள் வாயால் கேட்டுவிட்டுப் போனை வையுங்கள். மேஜையில் லாப்ரடார் நின்றால் நிற்கட்டும்.

போன வியாழக்கிழமை அந்தச் சந்து வழியாகப் போனேன். பாங்கு சொல்லி முடிந்த நேரம். அண்ணாந்து பார்த்தால், மேலே ஜன்னலோரம் பெட்டியில் விளக்கு எரிந்தது. லட்டு அசையாமல் சுருண்டு கிடந்தது, வயிற்றில் நேற்றைய எலி. ஏணியில் ஜுலைகா முதுகைக் காட்டிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தாள். கையில் தணல் போட்ட தூபக்கால், சாம்பிராணி இன்னும் போடவில்லை. கீழே மைதீன் பாய் மூன்று மெஷினையும் நிறுத்திவிட்டு, அன்றைக்குப் பள்ளிவாசலுக்குக்கூடக் கொஞ்சம் தாமதமாக, அதை வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார்.